இரண்டு ஊரும் ஒரு திமிங்கிலமும்

கொழும்பிலிருந்து வந்த பஸ் பொலன்னறுவையைத் தாண்டுவதற்குள் இர்ஷானா அந்த நாடகத்தை வாசித்து முடித்துவிட்டாள். முடித்த கையோடு மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் தூக்கத்தில் தன் தோளில் சாய்ந்துகிடந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

காத்தான்குடியில் பெண்கள் பாடசாலையொன்றில் ஆங்கிலம் படிப்பிப்பவள் அவள். பயிற்சி வகுப்புக்கென்று தலைநகருக்குப் போன இடத்தில், நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த அந்த மெல்லிய புத்தகத்தை முன்பின் யோசிக்காமல் வாங்கியிருந்தாள். வட அத்திலாந்திக்கில் கிடக்கும் பரோ தீவுகளில் மரியுன் என்றொரு பெண் எழுதிய நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே, எல்லை எங்கே என்று யாருக்குமே சரியாகத் தெரியாத கரையில், செத்த திமிங்கிலமொன்று ஒதுங்குகிறது. மேலூர்க்காரி சுன்னிவா அது தங்களுடையது என்கிறாள். கீழூர்க்காரன் பேத்துரு அதெப்படி என்கிறான். சுன்னிவாவின் புருஷன் யாக்குப் கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. சாகவும் இல்லை, எங்கோ தூரத் துறைமுகத்தில் வேறொருத்தியோடு குடியிருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். இரண்டு ஊரும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கையில் திமிங்கிலம் அழுகி நாறத் தொடங்குகிறது. கடைசியில் இரண்டு ஊரும் சேர்ந்துதான் அதைக் கயிறு கட்டிக் கடலுக்கு இழுக்கவேண்டி வருகிறது.

கண் ஆங்கிலத்தை வாசித்தது. காது வேறெதையோ கேட்டது. சுன்னிவா இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்தான்குடிப் பேச்சில் கத்தினாள். பேத்துரு பக்கத்தூரான ஆரையம்பதிப் பேச்சில் திருப்பிக் கொடுத்தான். ஒரு தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ஊர்கள் அவை. இங்கே ஊடு என்பது அங்கே வீடு. இங்கே உம்மா, அங்கே அம்மா. ராகத்தை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பஸ் வாழைச்சேனைப் பாலத்தில் ஏறியபோது அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேனையை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்திலேயே தமிழில் எழுதத் தொடங்கிவிட்டாள்.

பாடசாலை விடுமுறைக்குள் மொழிபெயர்ப்பு முடிந்தது. கல்லடியில் நாடகக் குழு நடத்தும் சுதாகரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊரில் நாடகம் என்றால் சுதாகரன்தான். நல்ல மனிதன், பிடிவாதக்காரன். கொழும்பில் நடக்கவிருந்த உலக நாடக விழாவுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று அவன் தேடித் திரிந்த நேரம் அது. குழுவைக் கூப்பிட்டு இருத்தி, இர்ஷானா நாடகத்தை ஒரே மூச்சில் வாசிக்கக் கேட்டான். வாசித்து முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"டீச்சர், நாடகம் அருமை. ஆனா பேச்சுத்தான் இடிக்குது. பனி கொட்டுற ஊரில நிக்கிறவள் 'மறுகா என்னகா நடந்த?' எண்டு கேட்டா ஆக்கள் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே சேர்."

"இல்ல டீச்சர். இது உலகத்துக்குப் பொதுவான விசயம். பொதுவான விசயத்துக்குப் பொதுவான தமிழ் வேணும். மறுகா எண்டா அதுக்குப் பிறகு எண்டு மட்டக்களப்புக்கு வெளியில எத்தின பேருக்கு விளங்கும்?"

"பொதுத் தமிழ ஆர்ட ஊட்டில பேசுறாங்க சேர்? யாக்குப்ப ஏசுறதுக்கு அவள் செய்தி வாசிக்கிறவ மாதிரியா பேசணும்?"

கம்சாயினி நடுவில் புகுந்தாள். ஆரையம்பதிக்காரி. வங்கியில் வேலை, மாலையில் நாடகம். குழுவில் அவளைப் போல் நடிக்க ஆளில்லை.

"அக்கா, அப்ப முழுசா நம்மட ஊராக்கிருவமே. பனிய எடுங்க. சுன்னிவாவுக்கு நம்மட பேர் ஒண்டு வைங்க. திமிங்கிலம் எதுக்கு, வாவிக்குள்ளதான் முதலை கிடக்கே."

"முதலைக்கு ஆரு கம்சா சண்டை பிடிக்கிற?" என்று இர்ஷானா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அது திமிங்கிலம்தான். அந்தத் தீவு அந்தத் தீவாவே இருக்கட்டும். பனியும் அவங்கட, பேரும் அவங்கட. நான் வாய மட்டும்தான் நம்மட வாயாக்கினன்."

அன்று முடிவொன்றும் வரவில்லை. ஆனால் அவள் ஸ்கூட்டரை எடுக்கப் போனபோது சுதாகரன் கூடவே வந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"உண்மையச் சொல்லிர்றன் டீச்சர். எனக்குப் பயம் தமிழில இல்ல. ஒரு பக்கம் உங்கட பேச்சு, மற்றப் பக்கம் எங்கட பேச்சு, நடுவில அடிபிடி. பொதுத் தமிழில பேசினா அது ஆர்ட கதையும் இல்ல, ஒருத்தருக்கும் நோகாது. இப்பிடிப் போட்டா ரெண்டு ஊரும் தங்களத்தான் சொல்றாங்க எண்டு நினைக்கும். பழசுகள் உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அந்த எல்லைத் தெருவைத் தாண்ட இரண்டு பக்கத்து ஆட்களும் பயந்திருந்த வருசங்கள் இருந்தன. அவள் அப்போது சிறுபிள்ளை. உம்மா சன்னலைச் சாத்தி வைத்திருந்தது மட்டும் ஞாபகம். ஸ்கூட்டர் கல்லடிப் பாலத்தடியைக் கடந்து காத்தான்குடிக்குத் திரும்பும்வரை அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மொழிபெயர்க்கும் சந்தோசத்தில் இதை எப்படி யோசிக்காமல் விட்டோம் என்றிருந்தது.

அந்த வாரம் முழுக்க நாடகத்தைப் பொதுத் தமிழில் மாற்றி எழுதிப் பார்த்தாள். "பேத்துரு, இத்திமிங்கிலம் எங்கள் ஊருக்கே உரியது" என்று சுன்னிவா சொன்னபோது, அவள் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு மேடையேறிப் பேச்சுப்போட்டிக்கு நிற்பதுபோலிருந்தது. ஆட்கள் எல்லாரும் நல்லவர்களாகிப் போனார்கள். ஒருவருக்கும் உயிரில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டாள்.

பிறகு ஒரு துணிச்சலில், புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த நாடகக் குழுவின் பெயரை இணையத்தில் தேடிப்பிடித்து, மரியுனோடு பேசலாமா என்று கேட்டு எழுதினாள். பதில் வரும் என்று அவள் நம்பவேயில்லை. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பின் ஃபோன் அடித்தது. திரையில் சிவந்த கன்னமும் கலைந்த தலையுமாக அவள் வயதையொத்த ஒருத்தி. பின்னால் அடுப்படி. மேசையைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் காலைச் சாப்பாட்டுக்கு மீன் தின்றுகொண்டிருந்தார்கள்.

மரியுன் பெரிய எழுத்தாளர் மாதிரி இல்லை. மீன் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை என்றாள். அவளுடைய ஆங்கிலமும் இர்ஷானாவின் ஆங்கிலமும் ஆளுக்கொரு பக்கம் நொண்டியதில் இருவருக்கும் கூச்சம் போய்விட்டது.

இர்ஷானா நேராகவே கேட்டாள். "உங்கள் நாடகத்தில் எல்லாரும் ஒரே மாதிரியா பேசுகிறார்கள்?"

"ஆங்கிலத்திலா? ஓம், அதில் எல்லாரும் லண்டனில் பள்ளிக்கூடம் போனவர்கள்" என்றாள் மரியுன். "நான் எழுதியது அப்படியில்லை. மேலூர் எங்கள் அம்மாவின் பேச்சு. கீழூர் மலைக்கு அடுத்த பக்கத்துப் பேச்சு. எங்கள் தலைநகரத்து ஆட்களுக்கே பாதி விளங்காது. ஆங்கிலத்தில் போட்டவர்கள், வெளியில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், மனிதர் எல்லாரும் ஒன்றுதானே என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். முதல் புத்தகம் பார், வாய் திறக்கப் பயம்."

இர்ஷானா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு இடத்தை உங்கள் பேச்சில் வாசித்துக் காட்டுவீர்களா? சுன்னிவா முதன்முதலாகத் திமிங்கிலத்தைப் பார்க்கிற இடம்."

ஆங்கிலத்தில் அது மிகவும் சோகமான வரி. 'இதுவாவது திரும்பி வந்ததே.' இர்ஷானா அதை அழுதழுதுதான் மொழிபெயர்த்திருந்தாள். மரியுன் புத்தகத்தைத் தேடவில்லை, மனப்பாடமாகவே சொன்னாள். அரைகுறையாய் மூக்கால் இழுத்த, கல்லுப்போன்ற சொற்கள். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த வரி முடிந்ததும் மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு கிழவர் முள் தொண்டையில் சிக்கியதுபோல இருமினார்.

"ஏன் சிரிக்கிறார்கள்?"

"அந்தச் சொல் மனுசருக்குரியதில்லை. கூப்பிடாமலே பட்டிக்குத் திரும்புகிற ஆட்டுக்குச் சொல்வது. குடித்துவிட்டு விடியற்காலையில் வீட்டுக்கு வருகிற புருஷனுக்கும் சொல்வோம். அவளுக்குத் துக்கம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அந்தத் துக்கத்தில் அழமாட்டாள், ஏசுவாள்."

ஆங்கிலக்காரன் அந்தச் சிரிப்பைத் தொலைத்திருக்கிறான். அவள் அவனை நம்பி அழுதிருக்கிறாள். இர்ஷானா தலையில் கைவைத்துக்கொண்டாள், மறுகணம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சுதாகரனின் பயத்தைச் சொன்னாள். இரண்டு ஊர், இரண்டு மதம், பழைய காயம்.

மரியுனின் முகம் மாறியது. "எங்களுக்குள் அப்படி இரத்தம் சிந்தியதில்லை" என்றாள். "அதனால் நான் உனக்குப் புத்தி சொல்லமாட்டேன். முதல் முறை போட்டபோது கீழூர்க்காரர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் அத்தையின் பேக்கரியில் பாண் வாங்கவில்லை."

"மறுகா?" என்று கேட்டுவிட்டாள் இர்ஷானா, தமிழில்.

மரியுனுக்கு எப்படித்தான் விளங்கியதோ. "பிறகென்ன, அடுத்த ஊரில் பாண் விலை கூட" என்றாள்.

அழைப்பு முடிந்த கையோடு இர்ஷானா அந்த வரியை எழுதினாள். அதற்குக் கொஞ்சநேரமும் பிடிக்கவில்லை. அது தொண்டைக்குள்ளேயே காத்துக்கிடந்ததுபோல வந்து விழுந்தது: 'இந்தச் சனியனுக்காவது ஊட்டுக்கு வாற வழி தெரிஞ்சிரிக்கி.' அடுப்படியில் இருந்த உம்மாவிடம் போய் வாசித்துக் காட்டினாள். உம்மா அகப்பையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, "ஆர்ர புருஷன்டி அது?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே கல்லடிக்கு ஓடினாள். ஒத்திகை அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆடு, குடிகார புருஷன், பாண் கடை. மூச்சுவிட மறந்து சொன்னாள். சுதாகரன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அது அங்கயும் ஊர்ப்பேச்சுத்தானா" என்றான் மெதுவாக.

"ஓம் சேர். உலகத்துக்குப் பொதுவெண்டு நாம நினைச்சது ஆங்கிலத்தில செத்துப்போன அரைவாசியத்தான்."

"சரி, பயம்?"

அதற்கு வழியைக் கம்சாயினிதான் சொன்னாள்.

"சேர், ஆக்கள மாத்திப் போடுவம். சுன்னிவாவா நான் நிக்கிறன், காத்தான்குடிப் பேச்சு நான் பேசுறன். பேத்துருவுக்கு றிஷாட்டப் போடுங்க, அவன் எங்கட பேச்சு பேசட்டும். அவங்கட பேச்ச நான் பேசக்குள்ள, அவங்களப் பழிக்கிறன் எண்டு ஆரும் நினைச்சா, அடுத்த வரியில றிஷாட் எங்களுக்குத் திருப்பித் தருவான் தானே."

றிஷாட் காத்தான்குடிக் கடைத்தெருவில் ஃபோன் திருத்துகிறவன். குழுவுக்குப் புதுசு. அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு உங்கட பேச்சு வராதே."

"வரும். கடற்கரையில எங்கட மீன் வாடிக்கு வந்து ஒரு கிழமை நில்லு."

சுதாகரன் எழுந்து அறைக்குள் அங்குமிங்கும் நடந்தான். வெளியே வாவியில் தோணியொன்றின் மோட்டார் உறுமிப் போனது. "நாளைக்கு ஒத்திகை" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் இர்ஷானா தன் வாழ்க்கையில் ஓடித் திரிந்ததில்லை. கம்சாயினி வங்கி விட்டதும் நேரே காத்தான்குடிக்கு வந்துவிடுவாள். இர்ஷானாவின் உம்மா ஹஸீனாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அவர் பேசப் பேசத் திருப்பிச் சொல்வாள். ஹஸீனா அவளுக்கு இடியப்பம் வைத்துக்கொண்டே திருத்துவார். "இருக்கு இல்ல புள்ள, இரிக்கி." றிஷாட் ஆரையம்பதி மீன் வாடியில் நின்று நின்று, கடைசியில் கடைக்கு வந்தவர்களோடும் அந்த ராகத்தில் பேசப்போய், தகப்பனிடம் ஏச்சு வாங்கினான். ஒத்திகையில் இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். சில நாள் அது நிசச் சண்டையாகவே முடிந்தது. சுதாகரன் அதை நிறுத்தாமல், "இப்பிடியே மேடையில செய்யுங்க" என்பான்.

நாடகம் கல்லடியில் வாவிக்கரை மண்டபமொன்றில். மாலை மஃரிபு தொழுகைக்கு முன்னம் முடியவேண்டும், அப்போதுதான் தன் ஊர்ப் பெண்கள் வருவார்கள் என்று இர்ஷானா சொல்லியிருந்தாள். அதனால் பின்னேர வெயிலிலேயே திரை எழுந்தது. காத்தான்குடியிலிருந்து இரண்டு வான் வண்டிகளில் ஆசிரியைகளும் அவர்களின் சொந்தங்களும் வந்திறங்கினார்கள். ஆரையம்பதியிலிருந்து கம்சாயினியின் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு கூட்டமும் யாரும் சொல்லாமலே மண்டபத்தின் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தது. காத்தான்குடி இடப்பக்கம், ஆரையம்பதி வலப்பக்கம், நடுவில் ஒரு நடைபாதை. விழாவுக்கு நாடகம் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து வந்தவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். ஓரத்தில் நின்ற இர்ஷானா இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மேடையில் பனிக்கு வெள்ளைச் சீலை. திமிங்கிலம் பழைய தோணிப் பாயில் செய்தது, மேடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. கம்சாயினி கம்பளிச் சால்வையோடு வந்தாள். வாய் திறந்து காத்தான்குடிப் பேச்சில் முதல் வசனத்தைச் சொன்னதும் இடப்பக்கம் சலசலத்தது. "நம்மட புள்ளையா அது?" "இல்லயாம், அந்தப் பக்கமாம்." யாரோ கசப்பாக நாக்கை உச்சுக்கொட்டினார்கள். றிஷாட் வந்து ஆரையம்பதிப் பேச்சில் பதில் கொடுத்தபோது வலப்பக்கம் சலசலத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இர்ஷானா சுதாகரனைப் பார்த்தாள். அவன் திரைச்சீலையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தான்.

யாக்குப்பின் பெயர் வந்ததும் இடப்பக்கத்தில் இலேசான சிரிப்பொன்று ஓடியது. அங்கே இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு யாக்கூப் மச்சானோ மாமாவோ இருந்தார். "அது அவங்கட நாட்டுப் பேராம்" என்று ஒருத்தி அடுத்தவளுக்கு விளக்கினாள்.

பிறகு அந்த வரி வந்தது. கம்சாயினி திமிங்கிலத்தைச் சுற்றி நடந்து, அதன் முகத்துக்கு நேரே நின்று, மூச்சை இழுத்தாள்.

"இந்தச் சனியனுக்காவது வீட்டுக்கு வாற வழி..."

நாக்கு புரண்டுவிட்டது. கம்சாயினி நின்றாள். மண்டபமும் நின்றது.

இடப்பக்கப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது. "ஊட்டுக்கு எண்டு சொல்லுகா."

கம்சாயினி கண் சிமிட்டும் நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பி, சுன்னிவாவாகவே கேட்டாள். "ஒங்கட மனுசனும் வரல்லயா?"

இடப்பக்கம் வெடித்தது. வலப்பக்கம் வெடித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவள் வரியை முழுசாகச் சொன்னாள். "இந்தச் சனியனுக்காவது ஊட்டுக்கு வாற வழி தெரிஞ்சிரிக்கி." சொல்லிவிட்டுத் திமிங்கிலத்தின் தலையைத் தடவினாள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் சிரிப்பு முடியுமுன்னமே கண்ணைத் துடைத்தார்கள். யுத்த காலத்தில் போன மகனோ புருஷனோ இன்னும் வீட்டுக்கு வந்துசேராதவர்கள் அந்த மண்டபத்தின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இதை இர்ஷானா எதிர்பார்த்திருக்கவில்லை. மரியுனும் எழுதியிருக்க முடியாது.

அதன்பின் நாடகம் யாருடைய கையிலும் நிற்கவில்லை. றிஷாட் பிழைவிட்டால் வலப்பக்கம் திருத்தியது, சரியாகச் சொன்னால் கைதட்டியது. கடைசியில் கயிற்றை இழுக்கும் காட்சியில், மேடையில் ஆள் போதாமல் சுதாகரனே ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். ஆரையம்பதிக்காரர் ஒருவர் இருக்கையில் இருந்தபடியே ஏலேலோ போட்டார்.

கொழும்புக்காரர் கைகுலுக்கி, மிகவும் உயிர்ப்பான நிகழ்வு என்றார். மறுவாரம் சுதாகரனுக்கு ஃபோன் செய்தார். நாடகம் நல்லதாம், ஆனால் மொழி அந்த வட்டாரத்தோடு நின்றுவிடுகிறதாம், விழாவில் பல இடத்து ஆட்கள் இருப்பார்களாம். பொதுத் தமிழில் மாற்றித் தந்தால் யோசிக்கலாமாம். சுதாகரன் என்ன சொல்வான் என்று இர்ஷானாவுக்குப் பயமாக இருந்தது. இந்த விழாவுக்கென்று அவன் எவ்வளவு காலம் காத்திருந்தான்.

"ஏலா எண்டு சொல்லிட்டன்" என்றான் அவன். முகத்தில் கோபமா பெருமையா என்று தெரியவில்லை. "நான் உங்களுக்குச் சொன்னதத்தான் அந்தாள் எனக்குச் சொல்றார் டீச்சர். கேக்கக்குள்ள எப்பிடிக் கிடந்த தெரியுமா."

நாடகம் பழுகாமத்திலும் ஏறாவூரிலும் போனது. ஏறாவூரில் நடுவே ஒருவர் எழும்பி, சமூகத்தைக் கேவலப்படுத்துகிறீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். சுதாகரன் சொன்ன பயம் பொய்யில்லை. இருந்தாலும் போனவர் தனியாகத்தான் போனார்.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து நிருஷா என்றொரு பெண் ஃபோன் எடுத்தாள். அங்கே பெண்கள் நாடகக் குழு ஒன்றின் நெறியாளராம். பழுகாமத்தில் வந்து பார்த்தாளாம்.

"அக்கா, எங்களுக்கு இந்த நாடகம் வேணும். ஆனா எங்கட பேச்சிலதான் போடுவம். தீவகத்துப் பேச்சு ஒரு பக்கம், வடமராட்சிப் பேச்சு மற்றப் பக்கம். ஓமெண்டு சொல்லுங்கோ."

இர்ஷானாவுக்குச் சுருக்கென்றது. 'மறுகா' எல்லாம் 'பேந்து' ஆகிவிடும். 'இரிக்கி' போய்விடும். உம்மாவின் அகப்பைச் சிரிப்பு போய்விடும். அப்படியே விட்டால் என்ன, அவர்களுக்கு விளங்காதா, தமிழ்தானே. இதைச் சொல்ல வாய் எடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விளங்காதா, தமிழ்தானே என்று அவளிடமே எத்தனை பேர் சொல்லியிருந்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அன்று பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தியபோதும் மனம் அதில் நிற்கவில்லை. தன் பிடிவாதத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. மரியுனுக்கு ஒரு தகவல் அனுப்பினாள், வேறொரு ஊர்ப் பேச்சுக்கும் கேட்கிறார்கள் என்று. கயிறு இழுக்கும் படமொன்று மட்டும் பதிலாக வந்தது.

நாடகத்தை நிருஷாவுக்கு அனுப்பிவைத்தாள். பத்துப் பதினைந்து நாளில் நிருஷா மறுபடி எடுத்தாள். இர்ஷானா பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்தாள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, பர்தாவுக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எல்லாம் மாத்திப்போட்டன். ஒரு சொல்லிலதான் நிக்கிறன். சுன்னிவா பேத்துருவை 'கிறுகிப் பாத்தாள்' எண்டு போட்டிருக்கிறீங்கள். அப்பிடியெண்டா திரும்பிப் பாக்கிறதுதானே?"

"ஓம், திரும்புறதுதான். ஆனா முழு உடம்பும் சுத்தி வரணும். கழுத்து மட்டும் திரும்பினா கிறுகல்ல."

"அதுதான் அக்கா. திரும்பி எண்டு போட்டா நடிக்கிற பிள்ளை சும்மா தலையைத் திருப்புறாள், அந்தக் கோவம் வரேல்லை. கிறுகி எண்டு சொல்லிக் குடுத்தன், உடன வந்திட்டுது. எங்களிட்டை இதுக்குச் சொல் இல்லை. இதை இப்பிடியே வைச்சிருக்கட்டோ?"

தெருவில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. யாரோ வழிவிடச் சொல்லி ஹோன் அடித்தார்கள்.

"வச்சிரிங்க புள்ள" என்றாள் இர்ஷானா. "சொல்லுங்க, மற்ற இடமெல்லாம் எப்பிடி மாத்தின? முதல்ல இருந்து வாசிங்க பாப்பம், நான் இதிலயே நிக்கிறன்."